இறங்கு கட்டணம்

இங்கே இறங்க மூன்று வழி உண்டு.

வடக்கே தார்ப்பாதை. அறுநூறு மீட்டர், நகரசபையுடையது.
முந்நூறு குரோனர்.
விளக்கு எரியும், காற்றுப்பை புதிது.
மாலை ஐந்துக்கு மேல் என்றால் இன்னொரு முந்நூறு,
தீயணைப்புக்கார ஓலுஃப்
பாதிச் சாப்பாட்டில் எழுந்து வரவேண்டுமே, அதற்கு.

தெற்கே எங்கள் மன்றத்தின் புல்வெளி.
எண்பது குரோனர்; தகரப்பெட்டியில் போடுங்கள்.
ரசீதுக்கட்டு மூடியின் உட்புறம்,
பென்சில் நூலில் தொங்கும்.
கூடாரம் அடித்தால் நாற்பது. காப்பிக்குக் காசில்லை.
மிதிவண்டி இரண்டு, சிவப்பில் பிரேக் பிடிக்காது.
பெட்ரோல் கிடையாது,
திரும்பிப் போகுமளவு கொண்டு வாருங்கள்.
கிளம்பும் முன் கூப்பிடுங்கள்.
ஆடுகள் எழுந்து நகர அரைமணி ஆகும்.

மூன்றாவது, மணல்திட்டு.
நாலு நாள் கிழக்குக் காற்றடித்து
கடல் பின்வாங்கிக் கிடந்தால் மட்டும். இலவசம்.
கடைசியாக அங்கே இறங்கியவரை
டிராக்டர் கட்டி இழுத்தோம்.
டிராக்டருக்குத் தொள்ளாயிரம்.

ஏறிப் போக யாரும் எதுவும் கேட்பதில்லை,
இறங்கத்தான் காசு.
ஏன் அப்படி என்று ஒரு ஜெர்மன்காரர் கேட்டார்.
நானும் அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன்.

போன ஆகஸ்டில் ஒரு வெள்ளை செஸ்னா
கூப்பிடாமல் வந்தது.
நல்லவேளை, அது கிரெஸ்டன் புல் வெட்டும் நாள்,
ஆடுகள் வேலிக்கு அப்பால்.
இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவதில் தாழ்ந்து,
ரோஜாப்புதருக்குப் பின்னே மறைந்தது.
பெருக்குமாறும் கையுமாக
நான் வாசலுக்கு வருவதற்குள்
உறுமி மேலேறி
ஜூட்லாந்து பக்கம் போய்விட்டது.

கிரெஸ்டன் வண்டியை நிறுத்தியிருந்தான்.
காதடைப்பான் கழுத்தில்.
சத்தம் முழுக்கத் தேயும்வரை நின்றான்.
பிறகு, வெட்டிய பட்டையையே
இன்னொரு முறை வெட்டினான்.

நான் கேட்கவில்லை.
கேட்டாலும் சொல்லுகிற ஆள் இல்லை.

அக்டோபரில் ஒரு கடிதம். உள்ளே நூறு குரோனர் தாள்.
"ஆகஸ்ட் ஒன்பது. இடது சக்கரம் தரையைத் தொட்டது.
நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.
தொட்டாலே இறக்கம்தான் என்று
உங்கள் பலகையில் எழுதியிருக்கிறது.
ஐனார் வெஸ்டர்கோர்."

இந்தத் தீவில் அந்தப் பெயர் இரண்டே இடத்தில்.
தேவாலயத்துப் பின்புறம் ஒரு கல்லில்,
கிரெஸ்டன் வீட்டுத் தபால்பெட்டியில்.

தகப்பன் விட்டுப்போன நிலத்தில்
தன் பாதியை விற்றவர் அண்ணன்.
வாங்கியது எங்கள் மன்றம்.
மறுபாதியை வைத்திருக்கும் தம்பி
பதினேழு வருஷமாக
விற்ற பாதியில் புல் வெட்டுகிறான்,
மணிக்கு நூற்றைம்பது கூலி.

ரசீது எழுதினேன்.
இறக்கம்: ஒன்று. (இடது சக்கரம்.)
தங்கல்: இல்லை.
மீதி இருபதை ஒரு அட்டையில் வைத்து ஒட்டினேன்,
கணக்கு கணக்காக இருக்கட்டும்.
உறையை மூடப்போகும்போது கை நின்றது.
ரசீதின் பின்னால் எழுதினேன்:
"வரும் செவ்வாய் முதல் வியாழன் வரை
ஆடுகள் மேற்கு வேலியில். கூப்பிட வேண்டாம்."

கிரெஸ்டனிடம் மூச்சு விடவில்லை.
அந்த உறை மட்டும், படகு வரும்வரை,
காப்பிக் கெண்டிக்குப் பக்கத்தில்
முகவரி தெரியக் கிடந்தது.
அவன் அன்று இரண்டு கோப்பை குடித்தான்.

செவ்வாய் விடிகாலை, பனி இன்னும் விலகவில்லை,
எஞ்சின் சத்தம்.
செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

வானத்தில் ஒன்றுமில்லை.
அக்டோபரில் புல் வளராது, எல்லாருக்கும் தெரியும்.
கிரெஸ்டன் வெட்டிக்கொண்டிருந்தான்.